மயில்கழுத்துத் தூண்கள்

பலகையைப் பிரித்தபோது தூண் பச்சையாக இருந்தது.

தம்பி பலகையைக் கீழே வைக்கவில்லை. கையில் பிடித்தபடி நின்றான். அதன் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். சாயம் எதுவும் இல்லை. மறுபடி தூணைப் பார்த்தான். அடியிலிருந்து உச்சிவரை பச்சை. ஓரங்களில் நீலம்.

"மயில்கழுத்துக் கலரு," என்றாள் சித்தாள். "இதுல ஒரு புடவை எடுத்தா நல்லாருக்கும்."

"வாயை மூடு," என்றான் தம்பி.

அடுத்த தூணைப் பிரித்தான். அதுவும் பச்சை. மூன்றாவதைப் பிரிக்கும்போது ஆணி பிடுங்கி இரண்டு முறை கையிலிருந்து வழுக்கியது. மதியத்துக்குள் எட்டுத் தூண்களையும் பிரித்துவிட்டான். எட்டும் பச்சை.

அக்கா சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். தூரத்திலிருந்து பார்த்தபோது யாரோ பெயின்ட் அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

"என்னடா இது?"

"தெரியலக்கா."

"கட்டினவன் நீ. தெரியலன்னா?"

"சிமென்ட் கெட்டுப்போச்சு போல."

தூக்கைக் கீழே வைத்துவிட்டுத் தூணைத் தொட்டாள். ஈரமாகக் குளிர்ந்திருந்தது. விரலில் எதுவும் ஒட்டவில்லை. முந்தானையால் தேய்த்தாள். போகவில்லை. தம்பி கம்பி பிரஷ்ஷைக் கொண்டுவந்து அழுத்தித் தேய்த்தான். தேய்த்த இடம் இன்னும் பச்சையானது.

அது அவள் வீடு. இன்னும் வீடாகவில்லை, எட்டுத் தூண்களும் நடுவில் மண்ணும்தான். ஆனாலும் எந்த இரண்டு தூண்களுக்கு நடுவில் அடுப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணம் ஆனதிலிருந்து கணவனின் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள். எல்லோருக்கும் அவர் பெரியவர். அவருடைய சிமென்ட் குடோனை ஒட்டிய ஒற்றை அறை. அவளும் கணவனும் மகளும் அதில் படுத்தார்கள். காலையில் போர்வையை உதறினால் தூசி பறக்கும். பெரியவர் வீட்டு அடுப்படியில் ஒன்பது பேருக்கு அவள்தான் சமைத்தாள். சாமான் அலமாரியின் சாவி ஓரகத்தியின் இடுப்பில் இருந்தது. எண்ணெய் வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்டால், "நேத்துதானே எடுத்துக் குடுத்தேன், குடிக்கிறியா?" என்று பதில் வரும்.

அவளுக்குத் தனி அடுப்பு வேண்டும். வேறு எதையும் அவள் யாரிடமும் கேட்டதில்லை.

பெரியவர் கட்டட கான்ட்ராக்டர். சொத்தைப் பிரித்தபோது மெயின் ரோட்டு மனையைத் தான் வைத்துக்கொண்டு, பின்பக்கத்துச் சின்ன ரோட்டில் தாழ்ந்து கிடந்ததை அவள் கணவனுக்கு எழுதிக் கொடுத்தார். மழை நின்று வெயில் அடித்தால் அந்த மண்மேல் உப்பு பூக்கும். பக்கத்து வீட்டில் அடித்தூண்கள் வெடித்து உள்ளிருந்த கம்பி துருத்திக்கொண்டிருந்தது. சுவரில் துரு வழிந்திருந்தது. அவள் கணவன் மனையைப் பார்த்துவிட்டு வந்து, "அண்ணன் பார்த்துக் குடுத்தா சரியாத்தான் இருக்கும்," என்றான். எதற்கும் அவன் சொல்வது அது ஒன்றுதான்.

கட்ட வந்தவன் அவளுடைய தம்பி. பெரியவரிடம் கையாளாகச் சேர்ந்து கொத்தனார் ஆனவன். தனியாக எடுத்த முதல் வேலை இது. பெரியவரை அவன் உறவு சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்காவின் கல்யாணத்தில்கூட "முதலாளி" என்றுதான் கூப்பிட்டான். பெரியவர் அவனை "இன்ஜினியர்" என்று கூப்பிடுவார். கூப்பிடும்போதெல்லாம் பக்கத்தில் யாராவது சிரிப்பார்கள்.

உப்பு மண்ணுக்கு என்ன செய்வதென்று தம்பி சிமென்ட் கடைக்காரரைக் கேட்டிருந்தான். அவர் வேறொரு மூட்டையைக் காட்டினார்.

"ஸ்லாக் கலந்தது. இரும்பு உருக்குற உலையில கசடு மிதக்கும்ல, அதைத் தண்ணி அடிச்சுக் குளிர வெச்சு, மாவா அரைச்சு, சிமென்ட்டோட சேர்க்குறாங்க. உப்பு உள்ள ஏறாது. கம்பிக்குப் பாதுகாப்பு. ஆனா ஒண்ணு, இது சோம்பேறி. மெதுவாத்தான் இறுகும். வழக்கமா பிரிக்கிற அன்னைக்குப் பலகையைப் பிரிச்சுடாதீங்க. தண்ணி காட்டிக்கிட்டே இருங்க."

தம்பி அப்படியே செய்தான். பலகையை வழக்கத்தைவிட அதிக நாள் விட்டுவைத்தான். நிறத்தைப் பற்றிக் கடைக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. தம்பியும் கேட்கவில்லை. கான்கிரீட் என்ன நிறத்தில் வரும் என்று யார் கேட்பார்கள்.

"அந்தக் கடைக்காரர்கிட்ட போய்க் கேளு," என்றாள் அக்கா.

"வித்தவன் எவன்கா தன் சரக்கு கெட்டதுன்னு சொல்லுவான்? முதலாளியைக் கூப்பிடுறேன். ஒரு தட்டுத் தட்டினா அவருக்குத் தெரிஞ்சிடும்."

"அவரை வேணாம்."

"ஏன்?"

அவள் போய்விட்டால் அந்த வீட்டில் ஒன்பது பேருக்குச் சமைக்க ஆளில்லை. இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

"வேணாம்னா வேணாம்."

"அக்கா, அவருகிட்டதான் நான் கொத்துக்கரண்டி பிடிச்சேன். தொழில்ல அவரு பொய் சொல்லிப் பார்த்ததில்ல."

சாயங்காலம் பெரியவர் வந்தார். ஸ்கூட்டரில் பின்னால் அவள் கணவன். நடந்து வந்தவன் அரைமூட்டை. குள்ளமாக, அகலமாக இருப்பான். பெரியவரிடம் இருப்பவர்களில் பழைய ஆள். அவர் எதற்குச் சிரிப்பார் என்பது அவருக்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

பெரியவர் எட்டுத் தூண்களையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஒன்றின்மேல் உள்ளங்கையை வைத்தார். தம்பியின் கையிலிருந்த சுத்தியலை வாங்கித் தட்டினார். ணங் என்றது. கொஞ்சம் மேலே தட்டினார். ணங். காதைத் தூணருகே கொண்டுபோய் இன்னொரு முறை தட்டிக் கேட்டார். அவர் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து போனதை அக்கா பார்த்தாள். அது என்ன சிரிப்பென்று அப்போது அவளுக்குப் புரியவில்லை.

"என்ன சிமென்ட்டு?"

"ஸ்லாக் கலந்தது முதலாளி. உப்பு மண்ணாச்சேன்னு..."

"யாரைக் கேட்டுப் போட்ட?"

"கடைக்காரர் சொன்னாரு."

"ஓ. கடைக்காரர் சொன்னாரு."

"மளிகைக் கடைக்குப் போயிருந்தா பருப்பைக் கலந்திருப்பான் முதலாளி," என்றான் அரைமூட்டை.

பெரியவர் சிரித்து முடித்தார். "சரி. நீ என்ன நினைக்கிற, இன்ஜினியர்?"

"நானா?"

"நீதானே கட்டுற. நல்லா இருக்கா, கெட்டுப்போச்சா?"

தம்பி தூணைப் பார்த்தான். பிறகு முதலாளியின் முகத்தைப் பார்த்தான். பத்து வருஷமாக அந்த முகத்தைப் பார்த்துத்தான் தன் சுவர் நேராக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டிருந்தான். இப்போது அதில் ஒன்றும் இல்லை.

"கெட்டுப்போச்சு முதலாளி."

"ம்."

"கெட்டுப்போச்சுங்களா?"

"நீதானே சொன்ன."

அக்கா முன்னால் வந்தாள். "பெரியத்தான், நீங்க சொல்லுங்க. இது நிக்குமா நிக்காதா?"

"நான் எப்படிம்மா சொல்றது? கலவை போட்டப்ப நான் இருந்தேனா? எத்தனை சட்டி மணல், எத்தனை குடம் தண்ணின்னு நான் பார்த்தேனா? இன்னைக்கு நல்லாருக்குன்னு சொல்லுவேன், நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில கட்டுவீங்க." தூணைத் தட்டிக்கொடுத்தார். மாட்டைத் தட்டிக்கொடுப்பது போல இருந்தது. "இதுமேல தளம் வரும். அதுக்கு அடியில உன் பொண்ணு படுத்துத் தூங்கும். அதை மனசுல வெச்சு உன் தம்பியே முடிவு பண்ணட்டும்."

"அண்ணன் சொல்றது சரிதான்," என்றான் அவள் கணவன்.

"நான் ஒண்ணும் சொல்லலடா."

"அதுவும் சரிதாண்ணே."

தம்பி அவரிடமிருந்து சுத்தியலைத் திரும்ப வாங்கிக்கொண்டான். பிறகு, "இடிச்சுடுறேன்," என்றான்.

பெரியவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார். "சம்மட்டி இருக்கா? இல்லன்னா குடோன்ல வந்து எடுத்துக்க. பெருசா எடு. சின்னது தாங்காது."

மறுநாள் காலையில் தம்பி முதல் தூணில் சம்மட்டியை இறக்கினான். சம்மட்டி திரும்பி வந்தது. அவன் தோள் குலுங்கியது. மறுபடி இறக்கினான். நெல் அளவுக்கு ஒரு சில்லு தெறித்தது. அந்த இடம் ஆழ்ந்த பச்சையாக இருந்தது, வெளியே இருந்ததைவிட.

"பார்த்தியாக்கா," என்றான். "உள்ள இன்னும் மோசம்."

"கெட்டுப்போன கான்கிரீட்டு இப்படியா அடி வாங்கும்?"

"உள்ள பாருக்கா நீ."

உளியை வைத்து மூலையைப் பெயர்த்தான். பெயர்ந்த இடமெல்லாம் பச்சை. உடைக்க உடைக்கப் பச்சை கூடியது. சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் உடைத்தான். இன்னும் கொஞ்சம் பச்சை வந்தது. சந்தேகம் போனது. மத்தியானத்துக்கு மேல் அவன் நிறுத்திப் பார்ப்பதையும் விட்டுவிட்டான்.

பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அனுப்பிவைத்தார். பிறகு அவரே வந்து அதில் உட்கார்ந்தார். டீ வந்தது. தம்பிக்கும் ஒரு டம்ளர் கொடுக்கச் சொன்னார். அவனுடைய உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்ததால் டம்ளரை விரல்நுனியால் பிடித்தான்.

"மெதுவா இன்ஜினியர். தூணுக்கு வலிக்கப்போவுது."

"ஆறறிவு இருக்குற தூணு முதலாளி," என்றான் அரைமூட்டை. "எழுந்து ஓடிடும்."

"ஓடினா நல்லது. வாடகை இல்லாம நிக்குது."

அக்கா இரும்புச் சட்டியில் கல்லை அள்ளி ரோட்டோரம் கொட்டினாள். சித்தாளுக்குக் கூலி கொடுத்து இடிப்பதற்கு அவளிடம் பணம் இல்லை. சித்தாள் போகாமல் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெரியவர் கண்ணைக் காட்டியதும் அவருடைய வேறொரு வேலைக்குப் போய்விட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் ரோட்டில் நின்றார்கள். ஒருவர், கோயிலா கட்டுறீங்க என்று கேட்டார். தம்பி சம்மட்டியை வைத்துவிட்டுப் போய், மீதித் தூண்களில் அடிமுதல் உச்சிவரை ஈரச் சாக்கைச் சுற்றினான். சாக்கு நழுவாமல் கயிற்றால் கட்டினான். சாயங்காலம் போகும்போது சாக்கின்மேல் தண்ணீர் ஊற்றினான்.

"இடிக்கப்போறதுக்கு எதுக்குடா தண்ணி?"

"பழக்கம்," என்றான்.

காலையில் சாக்கைப் பிரித்தால் தூண் அதே பச்சையில் இருந்தது. வெயிலும் காற்றும் படாமல் புதுசாக இருந்தது.

அன்று சாயங்காலம் அடுப்படியில் ஓரகத்தி சாவிக்கொத்தோடு வந்து நின்றாள்.

"கேள்விப்பட்டேன். உன் தம்பி நல்ல ஆளு. கட்டுறதுக்கும் கூலி, இடிக்கிறதுக்கும் கூலி."

"அவன் கூலி வாங்கல."

"அப்ப சும்மாவே இடிக்கிறானா? இன்னும் நல்லவன்." அலமாரியைத் திறந்து பருப்பை அளந்தாள். "உனக்கு இங்க என்ன குறைச்சல்? கூரை இல்லையா? சோறு இல்லையா? அந்த உப்பு மண்ணுலபோய் உக்காரணும்னு என்ன தலையெழுத்து?"

அக்கா வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். மகள் வாசல்படியில் உட்கார்ந்து பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"ஏ பொண்ணு, எழுதினது போதும். வந்து இதை உரி." ஓரகத்தி பூண்டுக் கூடையை மகளின் முன் வைத்தாள். "இவளைப் பழக்கு," என்றாள் அக்காவிடம். "உனக்கு அப்புறம் யாரு இருக்கா?"

மகள் அம்மாவைப் பார்த்தாள். அக்கா தலையை அசைத்தாள். மகள் நோட்டை மூடினாள்.

நான்கு தூண்கள் போயின. அவை இருந்த இடத்தில் கம்பிகள் மட்டும் நின்றன. சம்மட்டி பட்டு எல்லாம் வளைந்திருந்தன. தம்பி அவற்றை நிமிர்த்தப் பார்த்தான். ஒன்று முறிந்தது.

ஐந்தாவது தூணின் சாக்கை அவன் அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அக்கா ரோட்டோரம் கல் கொட்டப் போனாள். தண்ணீர் டிரம் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முட்டுக்கொடுக்க ஒரு கல் எடுக்கலாமென்று குவியலின் அந்தப் பக்கம் போனாள். முதல் தூணின் கற்கள் அங்கே கிடந்தன.

அவை வெள்ளையாக இருந்தன.

வேறு யாரோ வந்து கொட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள். ஒன்றைப் புரட்டினாள். மண்ணில் பதிந்திருந்த அடிப்பக்கம் பச்சை. வெயில் பட்ட மேல்பக்கம் வெளுத்த சாம்பல், சுண்ணாம்பு அடித்த மாதிரி. இன்னொன்றைப் புரட்டினாள். அதுவும் அப்படித்தான். அடுத்த குவியலுக்கு வந்தாள். இரண்டாவது தூணின் கற்கள் பாதி வெளுத்திருந்தன. நேற்று கொட்டியவை ஓரங்களில் மட்டும் வெளுத்திருந்தன. இன்று கொட்டியது மயில்கழுத்து.

ஒரு வெள்ளைக் கல்லை எடுத்து ரோட்டில் ஓங்கி அடித்தாள். உடையவில்லை. இன்னொரு கல்லால் குத்தினாள். ஒரு துண்டு பெயர்ந்தது. உள்ளே பச்சை.

கல்லை மடியில் கட்டிக்கொண்டு ஓடினாள்.

"நிறுத்துடா!"

தம்பி சம்மட்டியைத் தலைக்கு மேல் தூக்கியிருந்தான். இறங்கிய வேகத்தை நிறுத்த முடியவில்லை. ஐந்தாவது தூணில் ஒரு சில்லு போனது.

"இதைப் பாரு."

"என்னது?"

"முதத் தூணு."

"இது வேற கல்லுக்கா."

"உன் கைவேலை உனக்குத் தெரியாதா? பாரு."

அவன் வாங்கிப் பார்த்தான். கல்லின் ஒரு பக்கம் மழமழவென்று இருந்தது. பலகையில் அவன் எண்ணெய் தடவிய பக்கம். மூலையில் ஓர் ஆணித்தடம். அந்தப் பலகையின் முடிச்சும் அதன் வட்டமும் அச்சாகப் பதிந்திருந்தன. அவன் அந்த வட்டத்தைக் கட்டைவிரலால் தடவினான்.

உடைந்த தூணின் அடியில் உட்கார்ந்தான்.

"வெயில்ல கிடந்தா வெளுக்குது," என்றாள். "உள்ள இருக்குறவரைக்கும்தான் பச்சை. சாக்கைச் சுத்தி நீதான் பச்சையாவே வெச்சிருந்திருக்க. கெட்டுப்போகலடா. ஒண்ணும் கெட்டுப்போகல."

அவன் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. அழப்போகிறான் என்று நினைத்தாள். அவன் சிரித்தான்.

"முதலாளிகிட்ட சொல்லணும்."

"அவருக்குத் தெரியாதுன்னா நினைக்கிற?"

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டாரா? என்னக்கா பேசுற நீ?"

ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. பெரியவர், பின்னால் அவள் கணவன். அரைமூட்டையும் சித்தாளும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தார்கள். தம்பி கல்லை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு எதிரே ஓடினான். கொப்புளம் உடைந்த கையை அவன் மறந்திருந்தான்.

"முதலாளி! வெளுத்துடுச்சு முதலாளி! நல்ல கான்கிரீட்டு! பாருங்க!"

பெரியவர் வண்டியை ஸ்டாண்டில் போட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆமா," என்றார்.

"வெயில் பட்டா..."

"வெயில் பட்டா வெளுக்கும். ஸ்லாக் அப்படித்தான். உள்ள காத்துப் படாம இருக்குறவரைக்கும் பச்சையா இருக்கும். தொறந்து போட்டா தானா வெளுத்துடும். நான் துறைமுகத்துல ஊத்தின தூணெல்லாம் வேற என்னன்னு நினைச்ச? இதே சரக்குதான். பிரிக்கும்போது கிளி மாதிரி இருந்துச்சு. இப்பப் போய்ப் பாரு, பால் மாதிரி நிக்குது. உப்புத் தண்ணியிலயே நிக்குது. பெரிய பெரிய அடித்தளத்துக்கெல்லாம் இதைத்தான் போடுவோம், சூடு ஏறி வெடிக்காது. முதல்ல மந்தமா இருக்கும். வருஷம் ஆக ஆக இரும்பு." நாற்காலியைச் சரியாக வைத்து உட்கார்ந்தார். "உனக்குத் தெரியாதா?"

தம்பி கல்லை ஏந்தியபடியே நின்றான்.

"உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா முதலாளி?"

"தட்டினேன்ல. சத்தத்துலயே தெரிஞ்சுது. நல்லா ஊத்தியிருந்த. உன் வேலையிலயே இதான் நல்ல வேலை."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்டியா?"

"கேட்டேனே. கெட்டுப்போச்சுங்களான்னு கேட்டேனே."

"நீதானே சொன்னன்னு சொன்னேன். அது பொய்யா?" பெரியவர் தலையைத் திருப்பினார். "டேய், நான் கெட்டுப்போச்சுன்னு சொன்னேனா?"

அக்காவின் கணவன் வண்டியின் பக்கத்தில் நின்றான். "இல்லண்ணே."

"இடின்னு சொன்னேனா?"

அவன் மனைவியைப் பார்த்தான். பிறகு வண்டிச் சக்கரத்தைப் பார்த்தான். "இல்லண்ணே."

"இவன்தான் சொன்னான் முதலாளி," என்றான் அரைமூட்டை. "கேட்ட காதுக்கு நான் சாட்சி. சம்மட்டி மட்டும்தான் நம்மளுது."

சித்தாள் சிரித்தாள். பெரியவர் சிரிக்கவில்லை. அவர் மென்மையாகப் பேசினார்.

"நான் உனக்கு ஒண்ணு கத்துக்குடுக்கலாம்னு பார்த்தேன், இன்ஜினியர். தனியா வேலை எடுக்குறவன் தான் ஊத்தினதைத் தானே நம்பணும். நீ என் மூஞ்சியைப் பார்த்த. பொருளு தெரியாம அக்கா வீட்டைக் கட்ட வந்த. தெரியாதவன் சும்மா இருந்திருந்தாகூட இந்நேரம் வெளுத்து நின்னிருக்கும்."

"மீதி நாலு இருக்கு முதலாளி. போனதைத் திரும்பக் கட்டிடுறேன்."

"எதை வெச்சு? கம்பியெல்லாம் வளைஞ்சுபோச்சு. ஆளு எவன் வருவான்? அரைமூட்டை, நீ போறியா இவன்கிட்ட?"

"போகலாம் முதலாளி. காலையில நான் கட்டுவேன், மத்தியானம் இவன் இடிப்பான். நிரந்தர வேலை."

தம்பியின் கையிலிருந்து கல் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

அக்கா நின்ற நான்கு தூண்களைப் பார்த்தாள். அடுப்படிக்குரிய இரண்டில் ஒன்று நின்றது, ஒன்று இல்லை. தம்பியிடம் இனி எந்தச் சித்தாளும் வரமாட்டாள். இரண்டு நாளில் அவன் பெயர் எல்லாச் சாரத்திலும் ஏறி இறங்கிவிடும். கணவன் வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். மகள் பூண்டு உரிப்பாள்.

"பெரியத்தான்," என்றாள். "நீங்க கட்டிக் குடுங்க."

பெரியவர் அவளைப் பார்த்தார். அவர் இதை எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. பிறகு அது அவருக்குப் பிடித்திருந்தது என்றும் தெரிந்தது.

"நான் கட்டினா எனக்கு ஆளு ஒழியறப்பதான் கட்டுவேன். எப்ப முடியும்னு கேக்கக் கூடாது."

"கேக்க மாட்டேன்."

"அதுவரைக்கும் எல்லாம் இருக்குறபடி இருக்கும்."

"சரி."

"இதே சரக்கா, வேற சிமென்ட்டா?"

"இதேதான்."

"புத்திசாலி. உன் தம்பிக்கு இது இருந்திருக்கலாம்." கால்மேல் கால் போட்டார். "அப்புறம் இன்னொண்ணு. நான் கை வைக்கிற இடத்துல இவன் கால் வைக்கக் கூடாது. என் ஆளுங்க கெட்டுப்போவாங்க. அதை நான் சொன்னா நல்லாருக்காது. உன் தம்பி. நீயே சொல்லிடு."

அரைமூட்டை நாற்காலியின் பின்னால் போய் நின்றான்.

"அக்கா," என்றான் தம்பி.

"போடா," என்றாள்.

"அக்கா, நான் ஒரு..."

"ஒண்ணும் வேணாம். உன்னை நம்பினதுக்கு மண்ணைத்தான் தின்னேன். கண்ணு முன்னாடி நிக்காத. போ."

அவளுடைய குரல் ஓங்கவில்லை. ஓரகத்தி எண்ணெய் அளக்கும்போது பேசும் குரல் அது. பேசி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது. பெரியவர் டீ சொல்லி அனுப்பினார்.

தம்பி தன் சாமான்களைப் பொறுக்கினான். கரண்டி, தூக்குக்குண்டு, மட்டப்பலகை. சம்மட்டியையும் எடுத்தான்.

"அது நம்மளுது," என்றான் அரைமூட்டை.

கீழே வைத்தான். சாக்கில் சாமான்களைக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டான். அக்காவின் கணவனைப் பார்த்து, "வரேன் மாமா," என்றான். அவன் தலையை ஆட்டினான். யாரைப் பார்த்து ஆட்டினான் என்று தெரியவில்லை.

மனையின் எல்லைக் கல்லைத் தாண்டி ரோட்டில் ஏறியதும் நின்றான்.

அக்கா டிரம்மிலிருந்து குடத்தில் தண்ணீர் மொண்டாள். ஆறாவது தூணின் சாக்கு காய்ந்திருந்தது. ஏழாவதும். இந்தச் சிமென்ட்டுக்கு இன்னும் பல நாள் ஈரம் வேண்டும். இனி இந்த வேலைக்கு அவளைத் தவிர ஆளில்லை. தூணின் அடியில் குனிந்து ஊற்றினாள்.

"அக்கா," என்று ரோட்டிலிருந்து குரல் வந்தது. "அடியில ஊத்தினா மேல காஞ்சிடும். உச்சியிலேருந்து ஊத்து. தானா இறங்கும்."

"எல்லைக்கு வெளிய நின்னுதான பேசுறான்," என்றார் பெரியவர். "பேசட்டும்."

அரைமூட்டை சிரித்தான். இப்போது அக்காவின் கணவனும் சிரித்தான்.

அவள் திரும்பவில்லை. இன்னொரு குடம் மொண்டு வந்தாள். அவன் அங்கேயே நிற்பது தெரிந்தது. குனிந்து அடியிலேயே ஊற்றினாள். அவன் நடந்து கண்ணுக்கு மறையும்வரை அடியிலேயே ஊற்றிக்கொண்டிருந்தாள்.